காட்சியாக்கப்பட்ட ஆறு: மவுண்ட் வெர்னான் வளாகத்தின் ‘இயற்கை’ குறித்து

வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் மவுண்ட் வெர்னான், ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வீடு. அதன் தோட்டத்தைக் கலையென்றும் ஆற்றை இயற்கையென்றும் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மதிலுக்கு உள்ளே இருப்பது அவர் வகுத்தது, அப்பால் விரிவது தானாய் அமைந்தது என்பதே இப்பிரிவின் அடிப்படை. இதை ஏற்பதற்கில்லை. அவ்வளாகத்தில் மிகுந்த கவனத்தோடு உருவாக்கப்பட்டது எதிர்க்கரை வரை நீளும் ஆற்றுக்காட்சிதான். அது உருவான விதத்திலேயே ஆற்றோடு பிணைந்திருந்த உழைப்பு பார்வையிலிருந்து விலக்கப்பட்டது.

வீட்டின் கிழக்கு முகத்தில், இரண்டு மாடி உயரத் தூண்களோடு, வீட்டின் முழு நீளத்துக்கும் ஒரு தாழ்வாரம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் புல்வெளி, மரச்சரிவு, ஆறு, மேரிலாந்துக் கரை என நான்கும் தடையின்றித் தொடர்வதாகத் தோன்றும். அந்தத் தோற்றம் ‘ஹா-ஹா’ எனப்படும் பள்ளச்சுவரின் உதவியால் வருவது. சரிவில் மண்ணை வெட்டி, வீட்டுப் பக்கம் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, மறுபக்கத்தைச் சாய்வாக விட்டுவிடுவார்கள். சுவரின் தலை புல்மட்டத்தோடு நின்றுவிடுவதால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. கீழே மேயும் ஆடுமாடுகளோ மேலே ஏற முடியாது. வேலி இருக்கும், வேலி இருப்பது தெரியாது. சமையற்கட்டு, புகைபோட்டு இறைச்சி பதப்படுத்தும் அறை, துணி வெளுக்கும் இடம், லாயம் ஆகியவை வடக்கு, தெற்குப் பக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டன.

மேற்குப் பக்கத்து மரங்களும் தாமாக முளைத்தவை அல்ல. 1785இல் வாஷிங்டன் தம் காடுகளில் அலைந்து மரங்களைத் தேர்ந்தெடுத்து, வளைந்து செல்லும் நடைபாதைகளின் ஓரம் நடச் செய்தார். அவ்வாண்டுக் கோடை வறட்சியில் பல பட்டுப்போயின. பிறகு கடுங்குளிரில், வேரைச் சுற்றிய மண் உறைந்து கட்டியாக இருக்கும்போதே பெயர்த்துவரும் முறையையும் கையாண்டார். நாட்குறிப்பில் இவை அவர் செய்த வேலைகளாகவே பதிவாகியுள்ளன. உறைந்த மண்ணைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1799இல் அந்த எஸ்டேட்டில் அடிமைகளாக இருந்தோர் 317 பேர்.

ஆற்றிலும் இதே உழைப்புதான். வசந்த காலத்தில் முட்டையிட ஹெர்ரிங் மீன்களும், நம் உல்லம் மீனுக்கு உறவான ஷேட் மீன்களும் கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறிவரும். அந்தச் சில வாரங்களில் அடிமைகள் கரைவலை இழுத்து லட்சக்கணக்கில் மீன் பிடித்தனர். அதை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தனர். ஒரு பகுதி விற்பனைக்குப் போனது, இன்னொரு பகுதி அவர்களுக்கே படியாக அளக்கப்பட்டது. தாழ்வாரத்தில் விருந்தினர் ரசித்த அதே ஆறுதான் இது. எனினும் நிலக்காட்சி வரலாற்றில் மீன்பிடி பொருளாதார அத்தியாயத்துக்குத் தள்ளப்பட்டு, அழகு தனி அத்தியாயமாகிறது. இந்தப் பகுப்பு ஆய்வாளர் வசதிக்கானது. ஆற்றில் அப்படி ஒரு கோடு கிடையாது.

இருபதாம் நூற்றாண்டில் அக்காட்சிக்குச் சட்டமும் காவலானது. 1955 வாக்கில் எதிர்க்கரையில் எண்ணெய்க் கிடங்கு வரக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, ஒஹாயோவின் காங்கிரஸ் உறுப்பினரும், வீட்டைப் பராமரிக்கும் மகளிர் சங்கத்தைச் சேர்ந்தவருமான ஃபிரான்சஸ் போல்டன் அங்கே நிலத்தை விலைக்கு வாங்கினார். பின்னர் அதே கரையில் கழிவுநீர் நிலையத் திட்டம் வந்தது. 1961இல் அக்கரையைக் காக்கும் பிஸ்காட்டவே பூங்காவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி வழங்கியது. சுற்றியுள்ள நில உரிமையாளர் பலர் நிலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, கட்டடத்துக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடுகளை ஏற்று எழுதிக்கொடுத்தனர். மாநில எல்லைக்கும் ஆற்றுக்கும் அப்பாலுள்ள நிலத்தை ஒரு வீட்டின் பார்வைக்காகக் காத்த துணிச்சலான முயற்சி இது. இது நடக்காமல் போயிருந்தால் இன்று தாழ்வாரத்துக்கு எதிரே எண்ணெய்த் தொட்டிகள் நின்றிருக்கலாம். இதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால் வாஷிங்டன் கண்ட காட்சி என்பதே பாதுகாப்பின் முதன்மை அளவுகோலானதால், அக்கரை அவர் வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சுருங்கியது. அங்கே அவருக்கு வெகுகாலம் முன்பே பிஸ்காட்டவே பழங்குடி மக்களின் மொயோன் ஊரும் மூதாதையரின் எலும்புகளை ஒன்றாகப் புதைத்த குழிகளும் இருந்தன. அம்மக்களின் தலைவர் டர்க்கி டயாக் 1978இல் இறந்தபோது, அவரை இப்போது பூங்காவாகிவிட்ட மூதாதையர் மண்ணில் அடக்கம் செய்ய நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1979இல்தான் அது நிறைவேறியது. காட்சியைக் காப்பாற்றிய ஏற்பாடு, அந்த மண்ணுக்கு உரியவரை அனுமதி கேட்பவராக்கியது.