மெட்டிலிருந்து முறைக்கு: சித்தூர்க் கலைஞர் இருவரும் திரைப் பின்னணி இசையின் வளர்ச்சியும்

தென்னிந்தியத் திரையிசையின் வரலாறு பெரும்பாலும் பாடல்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பாடல் இசைத்தட்டில் ஏறியது, வானொலியில் ஒலித்தது, பாட்டுப் புத்தகத்தில் அச்சானது. பின்னணி இசையோ படச்சுருளோடு பெட்டிக்குள் போய்விட்டது. அதனால்தான் ஹாலிவுட்டின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசை நம்மை எப்படிப் பாதித்தது என்று கேட்டால், எந்தப் பாட்டு எந்த ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்தது என்ற பட்டியலே பதிலாக வருகிறது. அந்தப் பட்டியல் பொய்யல்ல. ஆனால் அங்கிருந்து மெட்டு இங்கு வந்து சேர்ந்ததற்கும், காட்சிக்கென்று இசை எழுதும் முறை இங்கு வேர்பிடித்ததற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் இருக்கிறது. இந்த நகர்வைப் புரிந்துகொள்ள, சித்தூரோடு பெயர் பிணைந்த இருவரைத் தொடர்வது பொருத்தம். ஒருவர் சித்தூர் வி. நாகையா; மற்றவர் 1925இல் சித்தூரில் பிறந்த எம்.பி. சீனிவாசன். 1960 எல்லை மாற்றத்தில் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, நகரி, விஜயபுரம் வட்டாரம் ஆந்திரத்தில் நின்றது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த நிலத்தோடு பிணைந்த கலைஞர்கள் சென்னைக்குப் போய், ஒரு மொழிக்குள் அடங்காத வேலையைச் செய்தார்கள்.

நாகையா குண்டூர்ப் பக்கத்துக்காரர்; சித்தூர் நாடக மேடைதான் அவருக்கு அந்த அடைமொழியைத் தந்தது. அவரும் ஓகிராலா ராமச்சந்திர ராவும் இசையமைத்த படம் பி.என். ரெட்டியின் 'ஸ்வர்க்க சீமா' (1945). அதில் பானுமதி பாடிய புறாப் பாட்டு தெலுங்கு நாட்டையே கிறங்கடித்தது. 1941இல் வந்த 'பிளட் அண்ட் சாண்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் ரீட்டா ஹேவொர்த் தோன்றும் காட்சியின் ஹம்மிங்தான் அதற்குத் தூண்டுதல். பாட்டின் ஆக்கத்தில் பாலாந்திரபு ரஜனீகாந்த ராவின் பங்கும் பெரிது. இங்கே கவனிக்க வேண்டியது, கடலைத் தாண்டி வந்தது எது என்பதே. 'பிளட் அண்ட் சாண்ட்' படத்தின் பின்னணி இசை ஆல்ஃபிரட் நியூமனுடையது. காளைச் சண்டைக் களத்தின் ஆரவாரத்தையும் மரணத்தின் நெருக்கத்தையும் தாங்கிய இசை அது. அந்தக் கட்டுமானம் இங்கு வரவில்லை. ஒரு குரலின் குழைவு மட்டும் வந்தது. இதை நகல் என்று ஒதுக்குவது நியாயமல்ல. பிற மொழிப் படத்தில் கேட்ட ஒலியைத் தெலுங்குக் குரலுக்குள் குடியேற்றியது சாதனைதான். ஆனால் அது பாடல் சார்ந்த சாதனை.

அடுத்த கட்டம் ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' (1948). எஸ். ராஜேஸ்வர ராவின் இசையில் கர்நாடக, இந்துஸ்தானி மரபுகளோடு லத்தீன் அமெரிக்கத் தாளமும் ஸ்டிராஸின் வால்ட்ஸ் சாயலும் கலந்தன. முரசு நடனத்தில் ஒலியின் பருமனே காட்சியாகிவிடுகிறது. சம்பளத்துக்கு வாத்தியக்காரர்களை வைத்திருந்த ஸ்டூடியோ முறை இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும் இங்கே ஆர்க்கெஸ்ட்ரா பிரம்மாண்டத்துக்கு அணிகலன். பாத்திரத்தின் மனத்துக்குள் அது நுழையவில்லை.

ஹாலிவுட்டின் தனித்தன்மை அந்த நுழைவில்தான் இருந்தது. வியன்னாவில் பிறந்த மேக்ஸ் ஸ்டைனர் 'கிங் காங்' (1933) படத்துக்கு எழுதிய இசையில் ஒரு பொம்மைக் குரங்கு இரக்கத்துக்குரிய உயிராக மாறுகிறது. எரிக் கோர்ன்கோல்ட் ஓப்பரா எழுதிய கையோடு 'ராபின் ஹுட்' (1938) படத்துக்கு வந்தார். இருவருக்கும் பெரிய குழு தேவைப்பட்டது. பெர்னார்ட் ஹெர்மன் இன்னொரு வழியைக் காட்டினார். 'சைக்கோ' (1960) படத்தில் அவர் பயன்படுத்தியது தந்தி வாத்தியங்களை மட்டும். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் இயக்குநர் ஹிட்ச்காக். ஹெர்மன் எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். வயலின்கள் உச்ச ஸ்தாயியில் கிறீச்சிடும் அந்தச் சில விநாடிகளில் ஊதுகருவி இல்லை, தாளக் கருவி இல்லை. எத்தனை வாத்தியம் என்பது காட்சியின் தேவைக்குப் பொருந்தி நின்றது. ரசனைக்கான அளவுகோலும் இதுதான் என்று கொண்டால், எம்.பி. சீனிவாசன் நிற்கும் இடம் தெளிவாகிறது.

1960இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்தின் பாடல்களுக்காகவே அவரைத் தமிழர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய ஆழமான பணி மலையாளத்தில் நடந்தது. எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நிர்மால்யம்' (1973) படத்தில் பாடல்கள் கே. ராகவனுடையவை, பின்னணி இசை சீனிவாசனுடையது. பின்னணி இசை தனிப் படைப்பு என்ற ஒப்புதல் இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) இரண்டிலும் இசை அவரே. 'எலிப்பத்தாயம்' படத்தில் ஸ்ரீதேவி என்ற தங்கை எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய் நீரில் அமிழ்த்தும் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. கடைசியில் அதே குளத்தில் வீசப்படுபவன் அண்ணன் உண்ணி. கண்ணீரை வரவழைக்கும் வயலின் கூட்டத்தை இங்கே ஓடவிட்டிருந்தால் உண்ணி பரிதாபத்துக்குரிய நாயகனாகியிருப்பான், படமே சரிந்திருக்கும். இசையை அளந்து வைத்து, வீட்டின் ஓசைகளுக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டிருப்பதால் அந்தத் தரவாடு (பரம்பரைக் குடும்ப வீடு) முழுவதுமே பொறியாகத் தெரிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சீனிவாசன் இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்தவர், மக்கள் நாடக மேடையும் சேர்ந்திசையும் வளர்த்த கலைஞர். அவரை ஹாலிவுட்டோடு ஏன் முடிச்சுப் போட வேண்டும்? ஹெர்மனைக் கேட்டுச் சீனிவாசன் கற்றார் என்பது இந்தக் கட்டுரையின் வாதமல்ல. ஸ்டைனரும் கோர்ன்கோல்டும் எடுத்துச் சென்றது ஐரோப்பிய ஓப்பரா மேடையின் நாடக இசை முறை. சேர்ந்திசை இயக்கத்தின் பல்குரல் இசைவும் அதே ஐரோப்பிய மரபின் மற்றொரு கிளை. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிப் பாரதியின் பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் பாடவைத்தவருக்கு, ஒரே நேரத்தில் ஒலிக்கும் வரிகள் ஒன்றையொன்று எப்படித் தாங்கும், எப்படி முரணும் என்பது கைவந்த கலை. ஹாலிவுட்டார் ஆர்க்கெஸ்ட்ராவில் செய்ததை அவர் மனிதக் குரலில் பழகினார்.

இன்னொரு மறுப்பு வலுவானது: ஆர்க்கெஸ்ட்ராப் பின்னணி இசையைத் தமிழில் முழுமையாக்கியவர் இளையராஜா, சீனிவாசன் அல்லவே? முழு நொட்டேஷனை எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வரி கொடுத்து, ரீ-ரெக்கார்டிங்கைக் கலையின் உச்சிக்குக் கொண்டுபோனவர் இளையராஜாதான். அதில் விவாதம் இல்லை. ஆனால் 'அன்னக்கிளி' (1976) வந்தபோது, கால்ஷீட் கணக்கில் கூடி, நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் வயலின் செக்‌ஷன் சென்னையில் தயாராக இருந்தது. அந்த வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டி, உழைப்புக்கு விலை பேசும் நிலையை ஏற்படுத்தியவர்களில் முதன்மையானவர் சீனிவாசன். ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் இசையும் இசைக் கலைஞர் சங்கங்களை ஒதுக்கிவிட்டு எழுதக்கூடிய வரலாறல்ல. இசையமைப்பாளரின் மேதைமை மட்டும் ஆர்க்கெஸ்ட்ராவை உண்டாக்காது. வாசிப்பவரின் வயிறும் நிறைய வேண்டும். சங்கம் கட்டியவர் படைப்பையும் விடவில்லை: 1977இல் ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' படத்துக்கு இசையமைத்ததோடு, கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்ததும் அவரே. பாடல் வெற்றியை வைத்துத் தரம் பிரிக்கும் வரலாற்றில் அந்தப் படம் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. இசை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வராமலே இருக்கிறது என்று காட்சி காட்சியாகப் படங்களைக் கேட்டு எழுதப்படும் வரலாற்றில் 'எலிப்பத்தாய'மும் 'நிர்மால்ய'மும் 'சந்திரலேகா'வுக்கு நிகரான பக்கங்களைக் கோரும்.