லிங்கன் நகர் புனித ஹியூ

லிங்கன் நகர் ஹியூ (சுமார் 1140 – நவம்பர் 16, 1200) பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் ஆயராக விளங்கிய கத்தோலிக்கப் புனிதர். கார்த்தூசியன் சபையிலிருந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் துறவி இவரே. இரண்டாம் ஹென்றி, முதலாம் ரிச்சர்டு, ஜான் ஆகிய மூன்று அரசர்களின் காலத்தில் 14 ஆண்டுகள் லிங்கன் மறைமாவட்டத்தை ஆண்டார். மூவரின் முகத்துக்கு நேராகவும் குற்றத்தை எடுத்துச் சொன்னார். மூவரின் மதிப்பையும் பெற்றார்.

இதே பெயரில் வேறு புனிதர்களும் உண்டு. கார்த்தூசியன் சபை தோன்ற இடமளித்த கிரெனோபிள் ஆயர் ஹியூ (1053–1132) ஒருவர். குளூனி மடத்தின் தலைவர் ஹியூ மற்றொருவர். 1255இல் லிங்கனில் இறந்துகிடந்த ஒரு சிறுவனையும் மக்கள் ‘சிறிய ஹியூ’ என்று புனிதனாகப் போற்றினர். அந்தச் சாவை யூதர்கள்மேல் பொய்யாகச் சுமத்தி 19 பேரைக் கொன்றார்கள். யூதர்களைக் காத்த லிங்கன் ஆயர் ஹியூவுக்கும் அந்தக் கொடுமைக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை.

ஹியூவின் வாழ்வை அறிய முதன்மையான ஆதாரம், ஐன்ஷம் மடத்துத் துறவி ஆதாம் இலத்தீனில் எழுதிய பெரிய வரலாறு. ஆதாம் ஆயரின் கடைசி மூன்று ஆண்டுகளில் அவருடைய ஆன்ம உதவியாளராகக் கூடவே இருந்தவர். வேல்ஸ் நாட்டு ஜெரால்டும் ஒரு சிறு வரலாறு எழுதியுள்ளார்.

பிறப்பும் இளமையும்

தென்கிழக்குப் பிரான்சில், கிரெனோபிளுக்கு அருகிலுள்ள அவலோன் கோட்டையில் ஹியூ பிறந்தார். தந்தை வில்லியம் அச்சீமையின் பிரபு. தாய் அன்னா, ஹியூ சிறுவனாக இருந்தபோதே இறந்தார். மனைவியை இழந்த வில்லியம் உலக வாழ்வைத் துறந்து, புனித அகுஸ்தீனின் ஒழுங்கைப் பின்பற்றிய குருக்கள் வாழ்ந்த வில்லார்பெனுவா மடத்தில் சேர்ந்தார். மகனையும் உடன் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் தந்தை தளர்ந்தபோது அவரைத் தூக்கி உட்காரவைப்பது, உடுத்துவது, ஊட்டுவது எல்லாமே ஹியூவின் பொறுப்பாயின. ஆயரான பிறகு தொழுநோயாளரின் பாதங்களைக் கழுவிய கைகள் இந்தப் பணியில்தான் பழகின.

19 வயதில் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, புனித மாக்சிமின் என்னும் சிறு மடத்தின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் ஒருமுறை தம் மடத் தலைவருடன், கார்த்தூசியன் சபையின் தலைமை மடமான கிராண்ட் சார்த்ரூஸுக்குச் சென்றார். அந்த மலையும் மௌனமும் அவரைப் பற்றிக்கொண்டன. கார்த்தூசியனாக வேண்டும் என்ற ஆவலை அறிந்த தலைவர், மடத்தை விட்டுப் போகமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கினார். ஆயினும் ஹியூ சார்த்ரூஸ் சென்று சேர்ந்தார். அவசரப்படுத்தி வாங்கிய வாக்கு மேலான அழைப்பைத் தடுக்க முடியாது என்பதே அவருடைய மனச்சான்றின் தீர்ப்பு. அது சரியான தீர்ப்பு.

சார்த்ரூஸ் வாழ்வு

ஹியூவைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் சார்த்ரூஸைப் புரிந்துகொள்ள வேண்டும். 1084இல் புனித புரூனோவும் ஆறு தோழர்களும் கிரெனோபிளுக்கு வடக்கே பனிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இந்த மடத்தைத் தொடங்கினர். மற்ற மடங்களில் துறவிகள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக வேலை செய்வார்கள். இங்கே ஒவ்வொரு துறவிக்கும் தனித்தனிக் குடில். அதையொட்டி ஒரு சிறு தோட்டம். உணவு குடிலுக்கே வந்துசேரும். நள்ளிரவுச் செபத்துக்கும் மாலைச் செபத்துக்கும் கோயிலில் கூடுவார்கள். மற்ற வேளைச் செபங்களைத் தனியே சொல்வார்கள். நோயுற்றாலும் இறைச்சி கிடையாது. உடலை உறுத்தும் மயிராடையே உள்ளாடை. பேச்சு மிகக் குறைவு. வாயால் போதிக்க முடியாததைக் கையால் போதிக்கலாம் என்று நூல்களைப் படியெடுப்பார்கள். வயல், மந்தை, மரவேலை ஆகியவற்றைப் பொதுநிலைச் சகோதரர்கள் கவனித்துக்கொள்வார்கள். பாலைவனத் தந்தையரின் தனிமையையும் மடத்துக் கட்டுப்பாட்டையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்த ஒழுங்கு இது. மேற்குத் திருச்சபையின் மிகக் கடினமான துறவறங்களில் இது ஒன்று.

இங்கே ஹியூ பத்தாண்டுகள் குடிலில் வாழ்ந்தார், குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் உண்ணும் வேளையில் அணில்களும் பறவைகளும் குடிலுக்குள் வந்து அவர் கையிலிருந்தே இரை எடுத்தன என்று ஆதாம் எழுதுகிறார். அந்த மகிழ்ச்சி தியானத்தைக் குலைக்கும் என்று மடத் தலைவர் அதை நிறுத்தச் சொன்னார், அவரும் நிறுத்தினார். தாரந்தேஸ் பேராயர் பேதுரு முதிய வயதில் மடத்தில் தங்கியபோது, அவருக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு ஹியூவுக்குத் தரப்பட்டது. பின்பு மடத்தின் பண்டகப் பொறுப்பாளரானார். வெளியுலகத்தோடு பேச வேண்டியது, வரவு செலவு பார்ப்பது, ஏழைகளுக்குப் பங்கிடுவது எல்லாம் அந்தப் பதவியின் வேலை. கணக்கும் கருணையும் ஒருங்கே அமைந்த நிருவாகி என்ற பெயர் அவருக்கு அங்கேதான் உண்டானது.

விதம் மடம்

1170இல் கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் தம் பேராலயத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பழி இரண்டாம் ஹென்றிமேல் விழுந்தது. பரிகாரமாக அரசர் சில மடங்களை நிறுவ ஒப்புக்கொண்டார். அவற்றில் ஒன்று, சாமர்செட் சீமையின் விதம் என்னும் இடத்தில் அமைந்த, இங்கிலாந்தின் முதல் கார்த்தூசியன் மடம். தொடக்கம் நன்றாக இல்லை. முதல் தலைவர் மனம் தளர்ந்து திரும்பிவிட்டார், இரண்டாமவர் இறந்துபோனார். ஹியூவின் பெயரைக் கேள்விப்பட்ட ஹென்றி, பாத் ஆயர் ரெஜினால்டைச் சார்த்ரூஸுக்கு அனுப்பி அவரைக் கேட்டுப் பெற்றார். ஹியூ வந்து சேர்ந்தது 1180ஐ ஒட்டிய ஆண்டுகளில். வந்தபோது அங்கே மடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மரக் குடிசைகளில் சில துறவிகள் இருந்தனர். மடத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் குடியானவர்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

அவர்களை எழுப்பிவிட்டுக் கட்டடத்தைத் தொடங்கலாம் என்பது அரசு அலுவலர்களின் எண்ணம். ஹியூ மறுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றார்: அரசரின் வேறு பண்ணையில் இணையான நிலம், அல்லது அடிமைத்தளையிலிருந்து முழு விடுதலை. அதோடும் நிற்கவில்லை. அவர்கள் விட்டுச் செல்லும் வீடுகளுக்கும் கட்டுமான மரங்களுக்கும் கடைசிக் காசுவரை ஈடு கொடுத்தால்தான் மடத்தின் பொறுப்பை ஏற்பேன் என்றார். அரசர் கொடுத்தார். பிறகு அந்த வீடுகளைத் தமக்குத் தருமாறு ஹியூ கேட்டார். அரசர் வியப்போடு அவற்றையும் கொடுக்க, மரங்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளும்படி பழைய உரிமையாளர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு கட்டடத்துக்காகக் குடிபெயர்க்கப்படும் ஏழைகளுக்காக அக்காலத்தில் இப்படி வாதாடிய ஒரு திருச்சபைத் தலைவரைக் காண்பது அரிது.

பணம் அடிக்கடி நின்றது; கட்டடமும் நின்றது. ஜெரார்டு என்ற முதிய சகோதரர் பொறுமையிழந்து அரசரைக் கடுமையாகப் பேசினார். ஹியூ அவரை அமைதிப்படுத்தி, அரசரிடம் மென்மையாகப் பேசி வேலையை முடித்துக்கொண்டார். மடத்தில் நூல்கள் போதவில்லை என்று சொன்னபோது ஹென்றி தோல்தாள் வாங்கப் பத்து மார்க் வெள்ளியும், ஒரு முழு விவிலியமும் தருவதாகச் சொன்னார். அவர் அனுப்பிய விவிலியம், வின்செஸ்டர் துறவிகள் தங்களுக்காக உழைத்து உருவாக்கியது. அரசர் கேட்டதால் மறுக்க முடியாமல் கொடுத்தது. பின்னர் விதம் வந்த ஒரு வின்செஸ்டர் துறவியின் பேச்சிலிருந்து உண்மை தெரியவந்ததும், ஹியூ அரசருக்குத் தெரியாமலேயே அந்த நூலைத் திருப்பி அனுப்பினார்.

லிங்கன் ஆயர்

லிங்கன் மறைமாவட்டம் வடக்கே ஹம்பர் முதல் தெற்கே தேம்ஸ் வரை பரந்தது. எட்டு வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஆக்ஸ்போர்டும் அதில் அடக்கம். இடையே சிறு காலம் தவிர, 1166 முதல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆயர் இல்லாமலேயே கிடந்தது. 1185இல் நிலநடுக்கம் பேராலயத்தை இடித்தது. 1186 மே மாதம் ஐன்ஷமில் அரசரின் முன்னிலையில் ஹியூவைத் தேர்ந்தெடுத்தனர். அரசரின் கண்ணசைவில் நடந்த தேர்தல் தேர்தலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். பேராலயக் குருக்கள் லிங்கனுக்குத் திரும்பித் தங்கள் ஆலயத்திலேயே மறுபடி தேர்ந்தெடுத்தனர். சார்த்ரூஸ் தலைவரின் கட்டளையும் வந்த பிறகே இசைந்தார். செப்டம்பர் 21ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் திருநிலைப்படுத்தப்பட்டார்.

ஆயராக இருந்தும் ஆண்டுதோறும் விதம் சென்று, குடிலில் தங்கி, மற்றவர்களைப் போல் வாழ்ந்தார். பயணத்தில் வழியில் குழந்தைகள் நின்றால் குதிரையிலிருந்து இறங்கி உறுதிப்பூசுதல் வழங்குவார்; அக்கால ஆயர்கள் பலர் சேணத்தில் இருந்தபடியே அதை முடித்தவர்கள். இறந்தவரின் அடக்கம் கண்ணில் பட்டால் நின்று நடத்திவைப்பார். அரசரின் விருந்து காத்திருக்கும். தொழுநோயாளர்களை முத்தமிடுவது அவர் வழக்கம். புனித மார்ட்டினின் முத்தம் தொழுநோயாளியைக் குணமாக்கியதே என்று லிங்கனின் இறையியல் அறிஞர் வில்லியம் சொன்னபோது, தொழுநோயாளியின் முத்தம் தம் ஆன்மாவைக் குணமாக்குகிறது என்று பதில் சொன்னார்.

ஹென்றியின் தலைமை வனக்காவலரை ஹியூ திருச்சபையிலிருந்து விலக்கினார். வனச் சட்டம் ஏழைகளை நசுக்கிய காலம் அது. அரண்மனைக்காரர் ஒருவருக்குப் பேராலய மானியம் கேட்டு வந்த அரச கடிதத்தையும் திருப்பினார். வுட்ஸ்டாக் காட்டில் கோபத்தோடு உட்கார்ந்திருந்த ஹென்றி, ஆயர் வரும்போது யாரும் எழக்கூடாது, வணங்கக்கூடாது என்று ஆணையிட்டிருந்தார். ஹியூ அருகே போய் அமர்ந்தார். அரசர் காயம்பட்ட விரலின் கட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். ஃபலேஸ் ஊரிலுள்ள உம் உறவினரைப் போலவே இருக்கிறீர் என்றார் ஆயர். அரசரின் கொள்ளுப்பாட்டனாரான முதலாம் வில்லியத்தின் தாய், தோல் பதனிடும் ஊரான ஃபலேஸைச் சேர்ந்த எளிய குடும்பத்துப் பெண். ஹென்றி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆயரின் விளக்கத்தைக் கேட்டு ஏற்றுக்கொண்டார்.

1190இல் ஸ்டாம்போர்டு, லிங்கன், யார்க் ஆகிய ஊர்களில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. ஹியூ ஆயுதம் ஏந்திய கூட்டத்தின் முன் தனியே நின்றார். ஸ்டாம்போர்டில் யூதர்களைக் கொள்ளையடித்த ஓர் இளைஞன் பிறகு நார்த்தாம்ப்டனில் கொலையுண்டான். அவனை மறைசாட்சி என்று மக்கள் வணங்கத் தொடங்கியதும், ஆயர் நேரில் சென்று அந்த வழிபாட்டை அழித்தார்.

1197இல் ரிச்சர்டு பிரான்சுப் போருக்கு 300 குதிரைவீரர்களை ஓராண்டுக்குத் தருமாறு பிரபுக்களிடமும் ஆயர்களிடமும் கேட்டார். லிங்கன் ஆயரின் கடமை இங்கிலாந்தின் எல்லைக்குள் மட்டுமே என்று ஆக்ஸ்போர்டு அவையில் ஹியூ மறுத்தார். சால்ஸ்பரி ஆயர் மட்டும் துணை நின்றார். தம் திருச்சபையின் உரிமையை முன்வைத்து ஆங்கில அரசரிடம் சொல்லப்பட்ட இந்த மறுப்பைப் பிற்காலப் பாராளுமன்ற மரபுக்கு ஒரு முன்னோடி என்று சிலர் கருதுகின்றனர். அடுத்த ஆண்டு ஷாத்தோ கையாரில் அரசரைச் சந்தித்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்ட ரிச்சர்டின் மேலாடையைப் பற்றிக் குலுக்கி அமைதி முத்தத்தைக் கேட்டுப் பெற்றார்.

ஸ்டோ என்னும் ஊரிலிருந்த ஆயர் மாளிகையின் ஏரிக்கு, ஹியூ பதவியேற்ற காலத்தில் ஒரு பெரிய அன்னம் வந்து சேர்ந்தது. வேறு யாரையும் அண்டவிடாத அது, ஹியூ வந்தால் ஓடி வந்து அவருடைய அங்கியின் கைக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். ஓவியங்களில் இவரோடு அன்னம் காணப்படுவது இதனால்தான்.

பேராலயத் திருப்பணி 1192இல் தொடங்கியது. ஆயரே கல்லும் சாந்தும் சுமந்தார். அவர் எழுப்பிய கிழக்குப் பகுதி இன்றும் ‘புனித ஹியூ பாடகர் பகுதி’ எனப்படுகிறது.

இறுதி நாட்கள்

1200இல் அரசப் பணிக்காகப் பிரான்சு சென்ற ஹியூ, சார்த்ரூஸையும் அவலோனையும் கடைசியாகப் பார்த்துத் திரும்பினார். இலண்டனில் நோயுற்றுக் கிடந்து, நவம்பர் 16 மாலை, சாம்பலால் சிலுவை வரைந்த தரையில் படுக்கவைக்கப்பட்டு, இரவுச் செபம் பாடப்படும்போது உயிர் துறந்தார். லிங்கனில் நடந்த அடக்கத்தில் அரசர் ஜான் பாடை தூக்கினார். ஸ்காட்லாந்து அரசர் வில்லியம் கண்ணீர் விட்டார். நகரத்து யூதர்களும் அழுதபடி வந்தனர். திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் 1220 பிப்ரவரி 17 அன்று புனிதர் பட்டம் வழங்கினார். 1280இல் முதலாம் எட்வர்டின் முன்னிலையில் அவருடைய உடல் பேராலயத்தின் புதிய ‘தேவதூதர் பாடகர் பகுதி’க்கு மாற்றப்பட்டது. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அந்தத் திருத்தலம் அழிக்கப்பட்டது.

இன்று லிங்கன் பேராலயம் ஆங்கிலிக்கன் சபையின் கையில் உள்ளது. ஆக்ஸ்போர்டில் 1886இல் தொடங்கிய ஒரு கல்லூரியும், சசெக்ஸ் பார்க்மின்ஸ்டரிலுள்ள கார்த்தூசியன் மடமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. கத்தோலிக்கர் நவம்பர் 16 அன்றும், ஆங்கிலிக்கன் சபையார் 17 அன்றும் இவரை நினைவுகூர்கின்றனர். விதம் மடத்தில் பொதுநிலைச் சகோதரர்கள் செபித்த சிறு கோயில் இன்றும் நிற்கிறது. அதுவே அந்த ஊரின் பங்குக் கோயில்.