ஒரு சைனஸ் தொற்றும் மூன்று பேஸ் கிடார்களும்

வாரக் கடைசியில் எங்களோடு சேர்ந்து வாசிக்கிற தம்பி ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டர், பழைய ஃபெண்டர் பேஸ் கிடார் விலையெல்லாம் பார்த்துட்டு இருந்தேன். 1964ல செஞ்சதுக்கு ஒரு விலை சொல்றாங்க. 1967ல செஞ்சது அதைவிட ரொம்பக் கம்மி. ஒரே கம்பெனி, ஒரே மாடல். நடுவுல மூணே வருஷம். அப்படி என்னதான் ஆச்சு?"

ரெண்டுல எதையும் வாங்குற வசதி அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனா கேள்வி நல்ல கேள்வி. ஏன்னா அதுக்கான பதில் மரத்துலயும் கம்பியிலயும் மட்டும் இல்லை. ஒரு மனுஷனோட மூக்குப் பக்கத்துலயும் இருக்கு!

உண்மையாத்தான் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க.

பேஸ் கிடார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வரி. இளையராஜா பாட்டு ஒன்றை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடுபவரின் குரலுக்கும் வயலின்களுக்கும் அடியில் கனமாக ஒரு நாதம் நடந்து போய்க்கொண்டே இருக்கும். அதுதான் பேஸ். பெரும்பாலும் நாலே நாலு கம்பி. அது இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. எடுத்துவிட்டால் பாட்டு வெறிச்சோடிப் போய்விடும்.

ஒரு காலத்தில் மேற்கே இந்த வேலையைச் செய்தது டபுள் பேஸ். ஆள் உயரத்தைத் தாண்டும் வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிப்பிடித்து நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். வண்டியில் ஏற்றுவதே பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கினால் அதன் சத்தம் காதில் விழாது.

1930களின் நடுவில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் மின்சாரத்தில் ஒலிக்கும் பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை.

1951ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் செய்தது பரவியது. தோளில் மாட்டிக்கொள்ளலாம். வீணையில் இருக்கிற மாதிரி மெட்டுகள் உண்டு என்பதால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நிற்கும். அந்தத் துல்லியத்தை வைத்தே பெயர், பிரிசிஷன் பேஸ். 1960ல் அதற்குத் தம்பியாக ஜாஸ் பேஸ் வந்தது.

லியோ யார் தெரியுமா? ரேடியோ ரிப்பேர்க்காரர். எட்டு வயதில் ஒரு கண்ணை இழந்தவர். கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது!

இப்போ நம்ம துறைக்கு வருவோம்.

1950களில் லியோவுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சைனஸ் தொற்று வந்தது. முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவைதான் சைனஸ். அவற்றிலிருந்து சளி வடிகிற வழி ரொம்பக் குறுகல். வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே கிருமி குடியேறிவிடும். தலைவலி, முக வலி, காய்ச்சல், அசதி என்று ஆளை உருக்கிவிடும்.

லியோவுக்கு அது வருஷக்கணக்கில் விடவில்லை. இனி இந்த உடம்பு தாங்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார்.

விற்ற கொஞ்ச நாளில் வேறொரு மருத்துவரிடம் போனார். குணமாகிவிட்டது!

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு இருந்தார். மியூசிக் மேன், ஜி அண்ட் எல் என்று மேலும் இரண்டு கம்பெனிகளின் கதையில் அவருக்குப் பங்கு உண்டு. 1991ல் காலமானார்.

(அதனாலதான் சொல்றேன். நாள்பட்ட நோய்க்கு இரண்டாவது மருத்துவரிடம் கருத்து கேட்பது முதல் மருத்துவருக்குச் செய்யும் அவமரியாதை இல்லை. சொத்தை விற்கும் முன் கேட்டுவிடுவது ரொம்ப நல்லது.)

சிபிஎஸ் வந்தபிறகு உற்பத்தி பெருகியது, செலவு குறைக்கப்பட்டது, வேலைப்பாடு தேய்ந்தது என்பது பழைய கிடார் பிரியர்களின் குற்றச்சாட்டு. அதனால் 1965ல் ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் செய்ததற்கு "சிபிஎஸ்ஸுக்கு முந்தியது" என்று பெயர். தம்பி பார்த்த விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் இந்தக் கோடுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மரத்துக்கு ஒப்பந்தத் தேதி தெரியாது. 1965ன் தொடக்கத்தில் அதே தொழிலாளர்கள்தான், கையில் இருந்த அதே பாகங்களை வைத்துத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தரம் ஒரே ராத்திரியில் இறங்கவில்லை. ஆனாலும் சந்தைக்கு ஒரு கோடு வேண்டியிருந்தது.

அதனால்தான் வாங்குபவர்கள் கிடாரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். கழுத்தின் அடிப்பகுதியில் தேதி இருக்கிறதா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தில் என்ன எண்? 1376312 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளர், 63 என்பது 1963, 12 என்பது அந்த வருஷத்தின் 12வது வாரம். அசல் வர்ணமா, மறுபடி அடித்ததா? மறுபடி அடித்திருந்தால் விலை சரியும்.

நாங்க எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை பார்த்து வியாதியைக் கணிக்கிற மாதிரியேதான்!

இதெல்லாம் செய்த நாளை வைத்துப் போடும் விலை. இன்னொரு விலை இருக்கிறது. யார் கை பட்டது என்பதை வைத்து வருவது. அதற்கு மூன்று பேஸ் கிடார்களின் கதையைச் சொல்கிறேன். மூன்றும் 1961, 62 காலத்தவை. மூன்றும் திருடு போனவை.

முதலாவது, ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்த 1962 பிரிசிஷன் பேஸ்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. 1960களில் அங்கிருந்து வெளிவந்து உலகமே ஆடிய பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பால் மெக்கார்ட்னி உட்பட எத்தனையோ பேஸ் கலைஞர்கள் அவருடைய வாசிப்பால் ஈர்க்கப்பட்டார்கள்.

ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் வந்ததா? பல வருஷங்களுக்கு இல்லை. 1971ல் மார்வின் கே வெளியிட்ட தொகுப்பில்தான் முறையாகப் பெயர் போட்டார்கள்.

குடி அவரைப் பிடித்திருந்தது. அந்தத் தொகுப்பின் தலைப்புப் பாடலுக்கு, நிமிர்ந்து உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ரசிகர்கள் இதை அவருடைய திறமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது திறமைக் கதையாகத் தெரியவில்லை. அன்றைக்கே யாராவது அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

1983ல் மோட்டவுனின் 25 ஆண்டு விழா லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பாசடீனாவில் நடந்தது. ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போய் உட்கார்ந்தார்.

அதே வருஷம் ஆகஸ்ட் 2ந் தேதி இறந்தார். கல்லீரல் சுருக்க நோயும் அதையொட்டி வந்த சிக்கல்களும். வயது 47. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் அந்த 1962 பேஸ் திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ்.

ஜாக்கோ ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். தன் பேஸில் இருந்த மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். வீணைக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம் இங்கேயும். மெட்டு போனதும் நாதம் வழுக்கி வழுக்கி, மனுஷக் குரல் மாதிரி பாட ஆரம்பித்தது. 1976ல் அவருடைய முதல் தொகுப்பு வந்தபோது உலகத்து பேஸ் கலைஞர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

1980களில் அவருக்கு இருதுருவ மனநோய் என்று கண்டறியப்பட்டது. ஒரு காலத்தில் அளவில்லாத உற்சாகம், தூக்கமின்மை, தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. இன்னொரு காலத்தில் அடியாழச் சோர்வு. இதுதான் அந்த நோய். சுற்றியிருந்தவர்களுக்கு முதல் நிலை நோயாகவே தெரியாது. "கலைஞன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

இதற்கு லித்தியம் என்ற நல்ல மருந்து அப்போதே இருந்தது. ஆனால் அதில் கை நடுக்கம் வரலாம். விரலை நம்பி வாழ்கிற ஒருவருக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம். அதற்கு நோயாளி தொடர்ந்து வர வேண்டும், கூட்டி வர ஆள் வேண்டும். ஜாக்கோவுக்குச் சிகிச்சை தொடரவில்லை. நியூயார்க் தெருக்களில் வீடில்லாமல் திரிந்தார். 1986ல் அங்கே ஒரு பூங்காவில் அந்த பேஸ் பறிபோனது.

1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு இரவு விடுதி வாசலில் தகராறு. கடுமையாகத் தாக்கப்பட்டு நினைவு திரும்பாமலே இறந்தார். வயது 35.

2006ல் அந்த பேஸ் நியூயார்க்கில் ஒரு கடைக்காரரிடம் வந்து சேர்ந்தது. அதுதான் இது என்று எப்படித் தெரிந்தது? முன்பொரு நாள் துண்டு துண்டாக உடைந்து, ஒட்டிச் சரிசெய்யப்பட்ட பேஸ் அது. அந்தத் தழும்புகள் காட்டிக்கொடுத்தன. சான்றிதழில் நாங்கள் "அங்க அடையாளம் இரண்டு" என்று எழுதுவோமே, அதே கதை.

பணம் கொடுத்து வாங்கிய கடைக்காரர் ஒரு பக்கம், தகப்பனின் பொருளைக் கேட்கும் குடும்பம் ஒரு பக்கம். இழுபறி. கடைசியில் மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ முன்வந்து பணம் கொடுத்துத் தீர்த்துவைத்தார். குடும்பம் எப்போது விரும்பினாலும் அவர் கொடுத்த அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒரு பைசா லாபம் இல்லை.

மூன்றாவது, பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் பேஸ்.

1961ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். அவர் இடதுகைக்காரர். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. பீட்டில்ஸின் ஆரம்பப் பாடல்கள் அதில் வாசித்தவை. 1972 அக்டோபரில் லண்டனில் நின்றிருந்த ஒரு வேனிலிருந்து திருடு போனது.

ஐம்பது வருஷம் கழித்து, ஹோஃப்னர் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரும் பத்திரிகைத் தம்பதி ஒன்றும் சேர்ந்து பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். கடிதங்கள் குவிந்தன. திருடியவரிடமிருந்து அது ஒரு பப் உரிமையாளர் கைக்குப் போயிருந்தது. அவர் குடும்பத்தில் கைமாறி, தென் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் மச்சில் கிடந்தது. விஷயம் தெரிந்ததும் அந்தக் குடும்பம் திருப்பிக் கொடுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானது. அந்த டிசம்பரில் 82 வயது மெக்கார்ட்னி லண்டன் மேடையில் அதை மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார்!

ஒன்று வரவே இல்லை. ஒன்று வந்தபோது ஆள் இல்லை. ஒன்று ஆள் இருக்கும்போதே வந்தது.

பழைய பேஸ் வாங்குவதும் விற்பதும் நல்ல பொழுதுபோக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால் உரிமையோடு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, வாங்கும்போது "எந்த வருஷம்" என்று கேட்கும் முன் "யாருடையது" என்று கேளுங்கள். வரிசை எண்ணைச் சரிபாருங்கள், எழுத்தில் ரசீது வாங்குங்கள். உங்கள் வாத்தியத்தின் எண்ணையும் கீறல்களையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கேள்வி கேட்காமல் வாங்குகிற ஆள் இருக்கும்வரை திருடுகிற ஆளும் இருப்பான்.

இரண்டாவது, கிடாரின் கழுத்து அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கூட வாசிக்கிறவர் நாலு நாளாகத் தூங்கவில்லை என்பதோ, காலையிலேயே குடித்துவிட்டு ஒத்திகைக்கு வருகிறார் என்பதோ தெரிய மாட்டேன் என்கிறது. தெரிந்தாலும் கேலி பேசிக் கடந்துவிடுகிறோம். இரண்டுமே சிகிச்சை உள்ள நோய்கள். குடியை மட்டும் ஒரே நாளில் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நெடுநாள் குடித்தவருக்கு அதுவே வலிப்பு வரை கொண்டுபோகும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். மனநல உதவிக்கு அரசின் டெலிமனாஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். எல்லாம் கேட்டுவிட்டு, போன வருஷம் எங்களோடு டிரம்ஸ் வாசித்து, திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்ட நண்பர் ஒருவரைப் பற்றி விசாரித்தார். யாரிடமும் தகவல் இல்லை.

இந்த ஞாயிறு ரெண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போறோம்.