புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஏரிக்கரை ஒன்றில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கென ஒரு புகழ் மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவருடைய முகமும் வெண்கலத் தகட்டில் வார்க்கப்பட்டு, அதன் கீழே அவர் பெருமையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அம்மண்டபம் அவ்வூரில் அமைந்ததே ஒரு கட்டுக்கதையால்தான் என்பது வேடிக்கை. 1839இல் ஆப்னர் டபிள்டே என்பவர் அங்கேதான் இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தார் என்று ஒரு குழு கூறிற்று. அவரோ அந்த ஆண்டில் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் மாணவராக இருந்தவர்! ஆயினும் அந்தக் கதையின் நூற்றாண்டு நிறைவாக, 1939இல் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.

யாரை உள்ளே அனுமதிப்பது என்னும் வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முதல் தேர்தல் 1936இல் நடந்தது. வாக்களித்த பத்திரிகையாளர் 226 பேர். நூற்றுக்கு 75 வாக்காவது பெற்றவரே தேறுவார் என்பது விதி. டை காப் 222 வாக்குகளோடு முதலில் நின்றார். பேப் ரூத்துக்குக் கிடைத்தவை 215. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் பெயரையும் எழுதாமல் விட்டவர்கள் 11 பேர் இருந்தார்கள் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இம்மண்டபத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஜோ ஜாக்ஸன், பீட் ரோஸ் என்னும் இரு பெயர்கள் அடிபடாமல் இரா. 1919ஆம் ஆண்டின் உலகத் தொடரைப் பணத்துக்காக விட்டுக்கொடுத்த குற்றச்சாட்டில் சிக்கிய எண்மரில் ஒருவர் ஜாக்ஸன். பேஸ்பால் மீது பந்தயம் கட்டியதற்காக 1989இல் விலக்கப்பட்டவர் ரோஸ். இருவர் மீதும் இருந்த தடை 2025இல், இருவரும் மறைந்த பிறகு, நீங்கியது. அந்த வழக்கை ஆராய்வது என் நோக்கமன்று. அவர்கள் களம் கண்டவர்கள், ஆடித் தீர்த்தவர்கள். களத்தில் கால்வைக்கவே விடப்படாதவர்களை எந்தக் கோலால் அளப்பது என்பதே என் கேள்வி.

1884க்குப் பின், 1947இல் ஜாக்கி ராபின்ஸன் புரூக்லின் அணியில் இறங்கும் வரையில், கறுப்பர் என்று அறியப்பட்ட ஒருவரும் பெரிய லீக் ஆட்டங்களில் ஆடவில்லை. சட்டம் எதுவும் தடுக்கவில்லை; எழுதப்படாத ஓர் உடன்படிக்கையே போதுமானதாக இருந்தது. கறுப்பர்கள் தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு நீக்ரோ லீக் என்பதே அன்றைய பெயர். சாட்செல் பெய்ஜ் என்னும் பந்தெறிவாளர் அங்கே தம் இளமையைக் கழித்து, 1948இல், 42ஆம் வயதில் கிளீவ்லாந்து அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு அந்த அணியே உலகத் தொடரை வென்றது. 1965இல், 59ஆம் வயதில் மறுபடியும் ஒருமுறை களமிறங்கி, மூன்று இன்னிங்ஸ் பந்தெறிந்தார். எதிரணி ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. ஜாஷ் கிப்ஸனுக்கு அந்தப் பேறும் இல்லை. ராபின்ஸன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35ஆம் வயதில் அவர் இறந்துபோனார்.

மண்டபத்தின் விதியோ, பெரிய லீக்கில் பத்து ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்றது. வாயிலை அடைத்தவர்களே, நீ ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது போன்றதன்றோ இது? 1966இல் டெட் வில்லியம்ஸ் தமக்கு அளிக்கப்பட்ட சிறப்பை ஏற்றுப் பேசுகையில், பெய்ஜும் கிப்ஸனும் ஒருநாள் அங்கே இடம்பெற வேண்டும் என்ற தம் விருப்பத்தை வெளியிட்டார். தம் புகழைப் பற்றிப் பேச வந்த மேடையில் பிறருக்காகப் பேசிய அந்தச் சில வாக்கியங்களுக்காகவே நான் அவரைப் போற்றுவேன். 1971 பிப்ரவரியில் பெய்ஜுக்கு இடம் தருவதாக அறிவித்தார்கள். ஆனால் தனிப் பகுதியில்! மீண்டும் பிரித்துவைப்பதா என்று கண்டனம் எழுந்தது. ஜூலையில் நிர்வாகம் பணிந்தது. மற்றவர்களுக்குச் சமமாகவே அவர் ஏற்கப்பட்டார். மறு ஆண்டில் கிப்ஸனின் முகமும் வெண்கலத்தில் ஏறிற்று.

2006இல் கறுப்பர் ஆட்டத்தைச் சேர்ந்த 17 பேரை ஒருசேரத் தேர்ந்தெடுத்தார்கள். எஃபா மான்லி என்ற அணி உரிமையாளரும் அவர்களுள் ஒருவர்; மண்டபத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் அந்த ஆட்டத்தின் வரலாறு மறையாமல் காக்க ஊர் ஊராகப் பேசித் திரிந்த பக் ஓநீல், 94 வயது நிறைந்த முதியவர், தேறவில்லை. மறைந்துபோன அந்தப் பதினேழு பேர் சார்பில் விழாவில் பேசும்படி அவரையே அழைத்தார்கள். அவரும் போனார், குறை ஒன்றும் கூறாமல் பேசி, கூட்டத்தாரையும் தம்மோடு சேர்ந்து பாடவைத்தார். அடுத்த அக்டோபரில் அவர் காலமானார். அவருக்கு இடம் கிடைத்தது 2022இல்.

2024இல் நீக்ரோ லீக்கின் கணக்குகளையும் பெரிய லீக்கின் ஏட்டில் சேர்த்தார்கள். பந்தடித்த சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப், இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். ஆயிரத்துக்கு 372 என்ற கணக்கோடு அவருக்கு மேலே நிற்பவர் கிப்ஸன்.

இனி ஒரு பெயர் எஞ்சியிருக்கிறது, நேயர்களே. 1920 முதல் 1944 வரை ஆட்டத்தின் தலைமை ஆணையராக இருந்தவர் நீதிபதி லாண்டிஸ். ஜாக்ஸனை ஆயுளுக்கும் விலக்கியவர் இவரே. இவர் ஆட்சிக் காலம் முழுவதிலும் பெரிய லீக்கில் ஒரு கறுப்பரும் ஆடியதில்லை. மண்டபத்திலுள்ள இவரது தகடு, இவருடைய நேர்மையையும் தலைமையையும் பாராட்டுகிறது. இவர் பெயரை 2020இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பரிசிலிருந்து எடுத்துவிட்டார்கள். தகட்டையும் அகற்ற வேண்டும் என்போர் உண்டு. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். அகற்றினால் நடந்ததும் மறைந்துபோகும். ராபின்ஸனின் பழைய தகட்டில் அவருடைய ஆட்டக் கணக்குகள் மட்டுமே இருந்தன. 2008இல் அதை மாற்றி, நிறத்தடையை உடைத்தவர் அவர் என்பதையும் பொறித்தார்கள். தடை உடைந்த செய்தி அந்தத் தகட்டில் ஏறியிருக்கிறது. தடை இருந்த இருபத்துநான்கு ஆண்டுகளின் செய்தியை லாண்டிஸின் தகட்டிலும் ஒரு வரி சேர்த்துப் பொறிக்கட்டும்.