கிளச் பம்பும் 30 ஷிலிங் சம்பளமும்

விஞ்ஞானப் பாடத்தில் திரவ அமுக்கம் வந்தால் பஸ்காலின் பெயரோடு அலகு முடிந்துவிடும். சிறிய முசலம், பெரிய முசலம், நடுவில் திரவம், ஒரு கணக்கு. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கார் ஒன்றின் கிளச் பெடலிலிருந்து கியர் பெட்டிப் பக்கம் போகிற அந்த மெல்லிய குழாய் இன்று வேலை செய்வதற்குப் பஸ்கால் மட்டும் காரணமில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பஸ்கால் 1662இல் இறந்தார். திரவங்கள் பற்றிய அவரது நூல் அடுத்த வருடம்தான் அச்சானது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அதை வைத்து உருப்படியான ஒரு இயந்திரம் வர இன்னும் 130 வருடங்களுக்கு மேல் எடுத்தது. ஏன்? ஒழுக்கு!

லண்டனில் பூட்டுச் செய்து பெயர் வாங்கிய ஜோசப் பிராமா 1795இல் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். முசலத்தைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் அது சிக்கிக்கொள்ளும், தளர்த்தினால் தண்ணீர் பீறிடும். இதற்கு வழி கண்டவர் அவரது பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மோட்ஸ்லி என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. கிண்ணம் போல வளைத்த ஒரு தோல், அவ்வளவுதான். உள்ளே அமுக்கம் கூடக் கூட அதன் உதடு தானாக விரிந்து சுவரோடு ஒட்டும். அமுக்கம் விட்டதும் இளகி முசலத்தைப் போக விடும். ஒழுக வைக்கிற அதே அமுக்கத்தையே ஒழுக்கை அடைக்க வைத்தார் மனிதர்! அவருக்கு வாரச் சம்பளம் 30 ஷிலிங். கூட்டிக் கேட்டார், பிராமா மறுத்தார். 1797இல் விலகிப்போய்ச் சொந்தப் பட்டறை போட்டார். இயந்திரத்துக்குப் பெயர் மட்டும் இன்றுவரை ‘பிராமா அழுத்தி’.

இதே கதை காரிலும் நடந்தது. அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட் 1917இல் திரவ பிறேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். 1921இல் டூசன்பேர்க் கார் நான்கு சில்லுக்கும் அதைப் பூட்டி வந்தது. ஆனால் தோல் கப் காய்ந்து சுருங்கி ஒழுகியது. 1924இல் கிரைஸ்லரின் பொறியியலாளர்கள் ரப்பர் கப்புக்கு மாறிய பிறகுதான் அது சாதாரண ஆள் நம்பி ஓட்டுகிற பிறேக் ஆனது. பெயர் லொக்ஹீட்டோடு நின்றது. ரப்பர் கப்பைத் திருத்தியவர்களை யாருக்குத் தெரியும்?

கிளச்சுக்குத் திரவம் பிந்தித்தான் வந்தது. கம்பியும் நெம்புகோலும் போதுமாக இருந்தன. நம் நாட்டில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரைப் பாருங்கள். 1948இல் வெளிவந்த கார். பிறேக் திரவத்தில், கிளச் கம்பியில். என்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்தால் அது ஆடும், ஆடினால் கம்பி வழியாகக் கிளச்சும் துள்ளும். வளைந்து போகிற குழாய்க்கு அந்தக் கவலை இல்லை. 1959இல் என்ஜினைக் குறுக்கே வைத்து வந்த மினியில் கிளச்சும் திரவத்துக்கு மாறியிருந்தது.

பெடலோடு இருப்பதை ‘மாஸ்டர்’ என்றும் கீழே இருப்பதை ‘ஸ்லேவ்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எசமான், அடிமை. எனக்கு அந்தச் சொற்கள் பிடிப்பதில்லை. மேல் பம்ப், கீழ்ப் பம்ப் என்றாலே விளங்குகிறது.

ஒழுக்குக்கு அடுத்த எதிரி காற்று. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். கீழ்ப் பம்பின் தண்டு அசைவதே ஒன்றரை சென்றிமீற்றர் அளவுதான். சின்னக் குமிழி ஒன்று போதும், மிதித்த மிதி எல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். கிளச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். அதனால்தான் குழாயை ஒட்டகத் திமில் போல நடுவில் உயர்த்தி வளைத்துப் பூட்டக் கூடாது. காற்று மேட்டில் போய்க் குந்திக்கொள்ளும். கீழ்ப் பம்பின் காற்று எடுக்கும் நிப்பிளும் மேல் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன் மூடுவார். குமிழி நிற்கும்வரை இதுதான் வேலை. அதற்கும் அடங்காவிட்டால் கீழிருந்து மேலே திரவத்தைத் தள்ளுவார்கள். காற்று தானாகப் போக விரும்பும் திசை அது. கராஜில் பழகுகிற பொடியன் இதை ‘திரவ அமுக்கம்’ என்று சொல்லமாட்டான். ஆனால் பாடத்தில் புள்ளி வாங்கிய பலரைவிட அவனுக்கு அது விளங்கும்.

ஒரு விசயம் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஒயிலை அந்த டப்பாவில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் இனத்து ஒயில் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கலந்து ஊற்றியதற்கு இதுவே காரணம். இப்போது கிளைக்கோல் இனத் திரவம். அதையும் திறந்து வைக்கக் கூடாது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

பம்ப் கழற்றும்போது பக்கத்தில் நின்றால் அந்த ரப்பர் கப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். உதடு திரவம் இருக்கிற பக்கம் பார்த்திருக்கும். மாற்றிப் பூட்டினால் எவ்வளவு மிதித்தாலும் பெடல் நிற்காது.