கேண்டியின் கேள்வியும் பார்வையாளரின் கைதட்டலும்

2012ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஐக்கிய அமெரிக்காவின் திரையரங்குகளுக்கு ஒரு படம் வந்தது. குவென்டின் டரண்டினோ நெறிப்படுத்திய 'ஜாங்கோ அன்செயின்ட்' என்பது அதன் பெயர். 1966இல் இத்தாலிய நெறியாளர் செர்ஜியோ கொர்புச்சி எடுத்த 'ஜாங்கோ' என்ற குதிரைவீரர் படத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, அடிமை முறையைக் கதைக்களமாக்கிய படம் இது. ஜாங்கோ என்னும் அடிமை 1858இல் ஒரு ஜேர்மானியரால் விடுவிக்கப்படுகிறான். அரசு தேடும் குற்றவாளிகளைச் சுட்டுப் பணம் பெறும் அந்த ஜேர்மானியரிடம் தொழில் பழகுகிறான். பின்னர், விற்கப்பட்டுப்போன தன் மனைவியைத் தேடி மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டமொன்றுக்குள் நுழைகிறான். முடிவில் தோட்டத்துரையின் மாளிகை வெடித்துச் சிதறுகிறது. மனைவியும் கணவனும் குதிரையேறிப் போகிறார்கள்.

படம் உலகெங்கும் 400 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. 2013இல் இரண்டு ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. ஆனால் இக்கட்டுரையின் அக்கறை விருதிலோ வசூலிலோ இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் பார்க்க மறுத்தவர்களும் என்ன சொன்னார்கள், அவர்கள் சொன்னவற்றுக்குப் பின்னால் எந்த வரலாறு நின்றது என்பதே நமது விசாரணை.

முதலில் மறுத்தவர்கள். கறுப்பின நெறியாளர் ஸ்பைக் லீ படம் வெளிவருமுன்னரே தாம் அதைப் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஆபிரிக்காவிலிருந்து திருடிக் கொண்டுவரப்பட்ட தம் முன்னோரின் அழிவு ஓர் இத்தாலியக் குதிரைவீரர் படமாகிவிடக் கூடாது என்பது அவர் வாதம். கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் சொல் படத்தில் நூறு தடவைக்கு மேல் ஒலிப்பதையும் பலர் கண்டித்தனர். 2013 ஜனவரியில் படத்தின் பாத்திரங்களைப் பொம்மைகளாகச் செய்து விற்பனைக்கு விட்டபோது எதிர்ப்பு வலுத்தது. மனிதரை விற்ற கதையில் வரும் அடிமைகளை மறுபடியும் பொம்மையாக விற்பதா என்று கேட்டார்கள். பொம்மைகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அடுத்தது கைதட்டியவர்கள். இவர்களில் கறுப்பினப் பார்வையாளர் கணிசமானோர். கங்காணியின் கையிலிருந்த சவுக்கைப் பிடுங்கி அவனையே ஜாங்கோ விளாசும் காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதலை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திரையில் அந்தச் சவுக்கு பல பதிற்றாண்டுகளாக ஒரே பக்கமாகவே வீசப்பட்டு வந்தது.

இதை விளங்கிக்கொள்ள 1915க்குப் போக வேண்டும். டி. டபிள்யூ. கிரிபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம் அந்த ஆண்டில் வந்தது. அடிமை முறையின் முடிவைப் பற்றிய பழிவாங்கும் படங்களில் அதுவே பெரும் முன்னோடி. ஆனால் அதில் பழிவாங்குபவர்கள் வெள்ளை முகமூடி அணிந்த கு கிளக்ஸ் கிளான் குதிரைவீரர்கள். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை அவர்கள் அடக்குவது வீரமாகக் காட்டப்பட்டது. படம் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. செயலிழந்து கிடந்த கிளான் அதே ஆண்டு ஜோர்ஜியாவில் மீண்டும் உயிர்பெற்றது. திரைக்கதை திரையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. டரண்டினோவின் படத்தில் முகமூடிக்காரர்கள் கண்துளை சரியாக வெட்டப்படாத பைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு பாதை தெரியாமல் ஒருவரோடொருவர் சண்டையிடுகிறார்கள். கிளான் உருவானது உள்நாட்டுப் போருக்குப் பின்னரே. அவ்வகையில் இது காலப்பிழை. ஆயினும் 1915இல் கைதட்டப்பட்ட உருவம் 2012இல் நகைப்புக்குரியதானதில் ஒரு கணக்குத் தீர்ப்பு இருந்தது.

காலப்பிழைகள் இன்னும் உண்டு. மாளிகையைத் தகர்க்கும் டைனமைட்டுக்கு அல்பிரட் நோபல் காப்புரிமை பெற்றது 1867இல்தான். அடிமைகளை ஒருவரையொருவர் சாகும்வரை மோதவிடும் பந்தயங்களுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை என வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டினர். காரணம் இரக்கமல்ல, கணக்கு. ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகும் ஓர் உழைப்பாளியைத் துரை வேடிக்கைக்காகச் சாகவிடமாட்டான். இந்தத் திருத்தம் அற்பமானதன்று. அரசியல் ஆய்வாளர் அடொல்ஃப் ரீட் எழுப்பிய ஆட்சேபம் இதையொட்டியதே. அடிமை முறையை வெறியர்களின் கொடூரமாக மட்டும் காட்டினால், அது உழைப்பைச் சுரண்டும் ஓர் ஒழுங்கான வியாபாரம் என்பது மறைந்துவிடும். வெறியனைக் கொன்றால் படம் முடியும். ஆனால் கணக்குப் புத்தகத்தை எந்தத் துவக்கால் சுடுவது?

இனி மூன்றாவது சாராரிடம் வருவோம். படத்தைப் பார்த்து, அதன் திறமையை ஏற்று, அதன் நடுவில் நிற்கும் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் இவர்கள். தோட்டத்துரை கேண்டி தன் குடும்பத்துக்கு ஊழியம் செய்து இறந்த கிழவனின் மண்டையோட்டை உணவு மேசையில் வைக்கிறான். இத்தனை கறுப்பர் நடுவே சில வெள்ளையர் வாழ்கிறோமே, அவர்கள் ஏன் எங்களைக் கொல்லவில்லை என்று கேட்கிறான். அவர்களின் மண்டையோட்டிலேயே பணிவு பதிந்திருக்கிறது என்று தானே விடையும் சொல்கிறான். படம் அதற்கு அளிக்கும் மறுப்பு ஜாங்கோ. பதினாயிரத்தில் ஒருவன் அவன். அப்படியானால் மீதி 9,999 பேர்? கூண்டு வண்டியில் இருந்தபடி அவன் குதிரையேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களின் பங்கு என்ன? வரலாற்றாசிரியர் ஜெலானி கொப் இவ்விடத்தைத்தான் தொட்டார். எதிர்ப்பு அபூர்வமானது என்று காட்டுவது கேண்டியின் விடையைப் பாதி ஒப்புக்கொள்வதாகும்.

கேண்டியின் கேள்விக்கு வரலாறு தரும் விடை வேறு. 1811இல் லூசியானாவில் நூற்றுக்கணக்கான அடிமைகள் நியூ ஓர்லியன்ஸ் நகரை நோக்கி அணிவகுத்தனர். அவர்கள் முறியடிக்கப்பட்டு, பலரின் தலைகள் மிசிசிப்பி ஆற்றங்கரையோரம் கம்பங்களில் குத்தி வைக்கப்பட்டன. 1831இல் வேர்ஜீனியாவில் நெட் டேர்னர் தலைமையில் நடந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டனர். பதிலுக்கு, கிளர்ச்சியோடு எவ்விதத் தொடர்புமற்ற கறுப்பினத்தவர் பலரும் கொன்று குவிக்கப்பட்டனர். அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதையும் கறுப்பினப் போதகர் பிரசங்கிப்பதையும் தடுக்கும் சட்டங்கள் தென் மாநிலங்களில் இறுகின. 1841இல் 'கிரியோல்' என்ற கப்பலில் விற்பனைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் கப்பலையே கைப்பற்றிப் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நசோ துறைமுகத்துக்குச் செலுத்தினர். நூறுக்கு மேற்பட்டோர் அங்கு விடுதலை பெற்றனர். ஆக, அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவனுக்கு மட்டுமன்றி எதிர்க்காத அவன் மனைவி மக்களுக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தது என்பதே பலர் பொறுத்திருந்ததன் காரணம். மண்டையோட்டில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆயுதந் தாங்கிய ரோந்துப் படையும் சட்டமும் ஏலமேடையும்தான் அந்தப் 'பணிவை' எழுதின.

இன்னொரு விடையும் உண்டு. மிசிசிப்பியில் 1860இல் 436,631 அடிமைகள் இருந்தனர். மாநில மக்களில் பாதிக்கு மேல். போர் மூண்டதும் தென் மாநிலங்கள் எங்கும் இலட்சக்கணக்கானோர் தோட்டங்களைவிட்டு வடபுலப் படையின் பக்கம் ஓடினர். டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் 1935இல் எழுதிய நூலில் இதை ஒரு பொது வேலைநிறுத்தம் என வருணித்தார். ஏறத்தாழ 180,000 கறுப்பினத்தவர் வடபுலப் படையில் சேர்ந்தனர். மிசிசிப்பியின் கணக்கில் மட்டும் 17,000க்கு மேற்பட்டோர். 1863 ஜூனில் மிலிகன்ஸ் பென்ட் என்ற இடத்தில், சில வாரங்களுக்கு முன்வரை அடிமைகளாயிருந்தோர், போதிய பயிற்சியின்றியே துவக்கேந்திப் போரிட்டனர். பதினாயிரத்தில் ஒருவன் அல்ல, பதினேழாயிரம் பேர். திரை இவர்களுக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை.

மிசிசிப்பியில் மனைவிக்காகப் போராடிய கணவன் ஒருவன் நிஜத்திலும் இருந்தான். மேற்காபிரிக்காவின் பூட்டா ஜாலோனைச் சேர்ந்த அரச குமாரர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீம் 1788இல் சிறைபிடிக்கப்பட்டு நெட்சஸ் நகரில் விற்கப்பட்டார். அரபு எழுதப் படிக்கத் தெரிந்த அவர் நாற்பது ஆண்டுகள் பருத்தித் தோட்டத்தில் உழைத்தார். 1828இல் ஜனாதிபதி ஜோன் குவின்ஸி அடம்ஸின் அரசு தலையிட்டதனால் விடுதலை பெற்றார். மனைவி இஸபெல்லாவின் விடுதலைக்கு ஊரவர் பணம் சேர்த்தனர். பிள்ளைகள் தோட்டத்திலேயே விடப்பட்டனர். அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் வட மாநில நகரங்களில் மேடை மேடையாக ஏறித் தன் பிள்ளைகளின் விலையைத் திரட்டினார். 1829இல் லைபீரியாவில் இறந்தார். திரட்டிய பணத்தால் பின்னர் பிள்ளைகள் சிலர் மீட்கப்பட்டனர்; மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். இக்கதையில் வெடித்துச் சிதறும் மாளிகை இல்லை. சொந்தப் பிள்ளையை விலை கொடுத்து வாங்க வேண்டிய தகப்பன் இருக்கிறான்.

அப்படியானால் கைதட்டியவர்கள் தவறா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 1862இல் தலைநகர் வொஷிங்டனில் அடிமைகள் விடுவிக்கப்பட்டபோது தலைக்கு 300 டொலர் வரை நட்டஈடு கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டது உடைமையாளருக்கு, உழைத்தவருக்கல்ல. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையானோருக்கு நாற்பது ஏக்கர் வரையான காணித் துண்டுகளை ஒதுக்கக் கட்டளையிட்டார். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய துரைமாருக்குத் திருப்பிக் கொடுத்தார். நீதிமன்றமும் கருவூலமும் கொடுக்காத தீர்ப்பைப் பார்வையாளன் திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பெற்றுக்கொள்கிறான். அந்தக் கைதட்டல் வரலாற்று அறிவு அல்ல. ஆனால் தீர்க்கப்படாத கடன் ஒன்று இருக்கிறது என்பதற்கான சாட்சியம். ஸ்பைக் லீயின் மறுப்பும் அதே கடனுக்கான சாட்சியம்தான். கடனைப் பொய்க்காசால் தீர்த்துவிட்டதாக எவரும் நினைத்துவிடக் கூடாது என்ற பயம் அதில் இருந்தது.

நம் மாணவர் ஒருவர் இப்படத்தைப் பார்த்துவிட்டு அடிமை முறையைப் பற்றிக் கேட்பாராயின், படத்தைக் குறைகூறுவதில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் போதும். போர் முடிந்த பின், பதிற்றாண்டுகள் பலவாக, கறுப்பினத் தேவாலயங்களோடு தொடர்புடைய பத்திரிகைகளில் காணாமற்போனோரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. நியூ ஓர்லியன்ஸில் வெளியான ஒரு பத்திரிகை இதற்கெனத் தனிப்பகுதியே வைத்திருந்தது. தாயின் பெயர், விற்ற துரையின் பெயர், வாங்கியவனின் பெயர், கடைசியாகக் கண்ட இடம் என அவை நீள்கின்றன. மனைவியைத் தேடிய ஜாங்கோக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது துவக்கு அல்ல, ஒரு சிறு விளம்பரம். அவர்களில் பலருக்குப் பதில் வரவேயில்லை.