குனிந்து பார்த்த காமிரா

உள்ளூர்க்காரனுக்குக் கோயில் சுவர் என்றால் வெயிலுக்கு ஒதுங்கிச் சாய்ந்து உட்கார ஓர் இடம். அதில் எழுத்து ஓடுவது அவன் கண்ணில் படுவதே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் நெடுங்காலம் இதே கதிதான்.

லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் பட்டாளத்துக் காப்டன், 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் குழுவோடு போனார். அங்கே அவர் எடுத்த படங்களில் 120 தொகுதியாக வெளிவந்தன. பிறகு சென்னை சர்க்கார் அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை என்று சுற்றி, 1858-ல் தஞ்சை வந்து சேர்ந்தார். சீமையில் பிறந்த அவருக்கு ஒவ்வோர் ஊரும் புதிது. ஒவ்வொரு கல்லும் புதிது.

விமானத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். அவரோ அதன் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டையும் பார்த்தார். காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! அந்தக் கோயிலின் கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, கட்டியவன் ராஜராஜ சோழன் என்று நிலைநாட்டியது ஏறக்குறைய 30 வருஷம் கழித்துத்தான்.

1859-ல் கவர்னர் டிரெவெலியன், செலவு அதிகம் என்று டிரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார். அந்த மிச்சம் எனக்கு இன்றும் நஷ்டமாகவே படுகிறது.

அடுத்த முறை தஞ்சைக்குப் போனால், விமானத்தை அண்ணாந்து பார்த்தபின், வெளியூர்க்காரரைப் போலக் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள்.